ஏழு மாத இரட்டையருக்கு முதல் குளிர்: மூடி வைப்பதா, வெளியே தூக்கிப் போவதா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு ஏழு மாத இரட்டைக் குழந்தைகள், ஒரு பெண், ஒரு பையன். 35 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். பிறந்தபோது பெண் 2.3 கிலோ, பையன் 1.9 கிலோ. இவர்களுக்கு மேலே நர்சரிக்குப் போகும் நான்கு வயது அக்கா ஒருத்தி. கோடை முழுக்க மாலையில் இரட்டைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கூட்டிப்போய் வந்திருக்கிறார்கள். இப்போது இலை உதிரத் தொடங்கி, ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. உதவிக்கு வந்திருக்கும் மாமியார், "இனி வசந்தம் வரும்வரை பிள்ளைகள் வாசலைத் தாண்டக் கூடாது" என்கிறார். இரவில் ஸ்வெட்டர், குல்லா, காலுறை, மேலே இரண்டு போர்வை. பையன் ஒல்லி என்பதால் அவனுக்குக் கூடுதலாக ஒன்று. இருவரையும் ஒரே கட்டிலில் போட்டால் ஒருவர் சூட்டில் ஒருவர் தூங்குவார்கள் என்பதும் அவர் யோசனை. போன வாரம் அக்கா சளியோடு வந்தாள். இரண்டு நாளில் பெண் குழந்தைக்கும் வந்துவிட்டது. பையனைத் தனி அறையில் வைக்கலாமா, அக்காவை நர்சரியிலிருந்து நிறுத்தலாமா, நெஞ்சில் தைலம் தேய்க்கலாமா, இருமல் மருந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார். தங்கை உட்கார ஆரம்பித்தும் இவன் இன்னும் கவிழ்ந்து புரள்வதோடு நிற்கிறானே என்ற கவலையும் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில், கேள்வியாக அல்லாமல் போகிற போக்கில் ஒன்று: "சாயங்காலம் இருட்டினாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. கணவர் வேலைக்குப் போக வேண்டும் என்று தனி அறையில் தூங்குகிறார். எல்லா அம்மாக்களுக்கும் இப்படித்தானே?"

வணக்கம் சகோதரி.

கேள்விகள் பல என்றாலும் உங்கள் வீட்டில் எல்லோரையும் ஆட்டிவைப்பது ஒரே பயம்தான்: குளிர் உள்ளே வந்துவிடும் என்ற பயம். அதனால்தான் ஜன்னல், கதவு, காது, கழுத்து என்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டே போகிறீர்கள். என் கவலை வேறு பக்கம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் கைக்குழந்தைக்குத் தொல்லை தருபவை அளவுக்கு மீறிய போர்வை, மனிதர்களிடமிருந்து வரும் வைரஸ், தூக்கமில்லாமல் தள்ளாடும் பெரியவர்கள் ஆகியவைதான். ஜன்னல் இடுக்கு வழியாக வரும் காற்றுக்கு அந்த வரிசையில் ரொம்பக் கீழேதான் இடம்.

முதலில் அந்தப் போர்வைகளை எடுத்துவிடுங்கள்

இதை இன்று இரவே செய்யச் சொல்வேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, தலையணை, பொம்மை எதுவும் தளர்வாகக் கிடக்கக் கூடாது. முகத்தின் மேல் ஏறினால் ஏழு மாதக் குழந்தையால் அதை எப்போதும் தள்ளிவிட முடியாது. அளவுக்கு மீறிய சூடும் தூக்கத்தில் ஏற்படும் திடீர் மரணத்தின் அபாயத்தைக் கூட்டும். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் அந்த அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பதால், உங்கள் வீட்டில் இந்த விதியைத் தளர்த்தவே வேண்டாம். குல்லாவும் வேண்டாம். குழந்தையின் உடம்பு கூடுதல் சூட்டை வெளியே விடுவது பெரும்பாலும் தலை வழியாகத்தான். அதை மூடிவிட்டால் சூடு போக வழியில்லை.

தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். பெரியவர்களுக்கு அது லேசாகக் குளிரும், குழந்தைக்குச் சரியான அளவு. உள்ளே ஒரு முழுக்கைப் பருத்தி உடை, மேலே கை நுழைத்து மாட்டும் ஸ்லீப்பிங் பேக், அவ்வளவுதான். அந்தப் பை எவ்வளவு சூடு தாங்கும் என்பதைக் காட்ட, அதில் டாக் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். இந்த வெப்பநிலைக்கு 2.5 டாக் பொதுவாகச் சரியாக வரும். ஒன்றைக் கவனியுங்கள்: பை குழந்தையின் வயதுக்கு அல்ல, எடைக்கும் உயரத்துக்கும் பொருந்த வேண்டும். இரட்டையர் வீட்டில் ஒரே அளவில் இரண்டு வாங்கிவிடுவது வழக்கம். பெண்ணுக்குக் கச்சிதமாக இருக்கும் பை, ஒல்லியான பையனுக்குக் கழுத்தருகே தொளதொளவென்று இருந்தால் தலை உள்ளே நழுவிவிடலாம். அவனுக்குச் சின்ன அளவு தனியாக வாங்குங்கள்.

சூடு சரியாக இருக்கிறதா என்று கையையோ காலையோ தொட்டுப் பார்க்க வேண்டாம். குழந்தைகளுக்கு அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். மாமியார் ஏமாறுவது அங்கேதான். பின்கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தால் சரி. வியர்வை தட்டுப்பட்டாலோ சூடாக இருந்தாலோ ஓர் உடுப்பைக் கழற்றுங்கள். பையனுக்குத் தனியாக ஒன்று அதிகம் என்பதற்குப் பிறந்த முதல் வாரங்களில் அர்த்தம் இருந்தது. அப்போது அவன் உடம்பில் கொழுப்பே இல்லை. இப்போது 6.4 கிலோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் ஒரே உடுப்பு, ஆளுக்கு ஒரு கழுத்துச் சோதனை.

ஒரே கட்டில் என்பது புரளத் தெரியாத சின்னஞ்சிறு வயதில் சில நாடுகளில் அனுமதிக்கப்படும் விஷயம். வேறு சில நாடுகளில் முதல் நாளிலிருந்தே தனித்தனிதான் என்பார்கள். உங்கள் குழந்தைகள் புரள ஆரம்பித்துவிட்டதால் அந்த விவாதமே முடிந்துவிட்டது. தனித்தனிக் கட்டில், முடிந்தால் இரண்டும் உங்கள் அறையிலேயே. ஒருவர் அழுதால் மற்றவரும் எழுந்துவிடுவாரே என்ற கவலை நியாயமானது. ஆனால் பெரும்பாலான இரட்டையர் ஒருவர் அழுகையில் மற்றவர் தூங்கப் பழகிவிடுகிறார்கள். பெரியவர்கள்தான் பழகுவதில்லை.

வீட்டை வெப்பப்படுத்தும் சாதனத்தைக் கோடைக்குப் பிறகு முதல் தடவை போடுவதற்கு முன் ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள். எரிவாயு, மண்ணெண்ணெய், விறகு என்று எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அவசியம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரையில் வைக்கும் சின்ன ஹீட்டருக்கு இப்போதே விடை கொடுங்கள். இன்னும் ஓரிரு மாதத்தில் இருவரும் தவழப் போகிறார்கள், அதுவும் எதிர் எதிர்த் திசையில்.

சளி வருவது காற்றிலிருந்து அல்ல, ஆளிலிருந்து

"குளிர்காற்று பட்டது, சளி பிடித்தது" என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோவைரஸ், கொஞ்சம் குளிர்ந்த மூக்குக்குள் நன்றாகப் பெருகும். வறண்ட காற்றில் மூக்கின் ஈரப்படலம் பலவீனமாகும். ஆனால் அந்த வைரஸ் முதலில் யாரோ ஒருவரிடமிருந்து வந்தாக வேண்டும். இலையுதிர் காலத்தில் சளி ஏறுவதற்குப் பெரிய காரணம், எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் அடைந்துகிடப்பதும் பள்ளிகள் திறப்பதும்தான். அப்படிப் பார்த்தால் மூடிய வீட்டைவிட வெளிக்காற்று உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது. நாளுக்கு ஒரு தடவையாவது, பகல் வெளிச்சத்தில், வெளியே கூட்டிப்போங்கள். காலையாக இருந்தால் இன்னும் நல்லது. கண்ணில் படும் அந்த வெளிச்சம்தான் பகல் எது, இரவு எது என்று அவர்கள் உடம்புக்குச் சொல்லும். நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் உடுப்பு அதிகம், தலைக்குத் தொப்பி, காலுக்குச் சூடான உறை. கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ நுழைந்ததும் தொப்பியையும் மேல்கோட்டையும் கழற்றிவிடுங்கள், தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. மழைக்காக வண்டியின் மேல் போடும் பிளாஸ்டிக் உறையையும் உள்ளே வந்தவுடன் விலக்க வேண்டும். அதற்குள் சூடு மளமளவென்று ஏறும்.

காரில் போகும்போது மட்டும் கணக்கு வேறு. மொத்தமான கோட்டோடு கார் சீட்டில் உட்கார வைத்துப் பட்டையை இறுக்கினால் இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள்: கோட்டோடு உட்கார வைத்துப் பட்டையை இறுக்குங்கள். பட்டையின் நீளத்தை மாற்றாமல் பூட்டைத் திறந்து, குழந்தையைத் தூக்கி, கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார வைத்துப் பூட்டுங்கள். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே உங்கள் முழுக் கையும் போகும். மோதல் நேரும்போது கோட்டுக்குள் இருக்கும் காற்றெல்லாம் அமுங்கி, அந்த இடைவெளிதான் மிஞ்சும். மெல்லிய உடையோடு பட்டையை இறுக்கிவிட்டு, அதற்கு மேலே கோட்டையோ போர்வையையோ போர்த்துவதுதான் சரியான முறை. போர்வையை நான் அனுமதிக்கும் இடம் இது. மாமியாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

வெளியே போனால் வெயிலில் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பூமத்திய ரேகையிலிருந்து விலகிய குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால், தோலில் அந்த வைட்டமின் போதுமான அளவு உருவாவதில்லை. மாநிறம், கறுப்பு நிறத் தோல் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 யூனிட், அதாவது 10 மைக்ரோகிராம், சொட்டு மருந்தாகக் கொடுக்கச் சொல்வோம். நீங்கள் தாய்ப்பாலோடு புட்டிப்பாலும் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். புட்டிப்பால் மாவில் ஏற்கெனவே வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள். எனவே ஒவ்வொரு குழந்தையும் நாளுக்கு எவ்வளவு புட்டிப்பால் குடிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி, யாருக்குச் சொட்டு மருந்து தேவை என்று கேளுங்கள். இருவருக்கும் ஒரே பதில் வர வேண்டும் என்பதில்லை.

தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நான் சொல்கிறேன். ஃப்ளூ தடுப்பூசியை ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் போடலாம். முதல் தடவை என்றால் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி. பலன் முழுதாக வர இரண்டு வாரம் ஆகும், எனவே காய்ச்சல் காலம் உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த வயதுக்கு எதைப் போடுவது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கு எதிராக, முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் குழந்தைகளுக்கு நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் சில நாடுகளில் கிடைக்கிறது. குறை மாதக் குழந்தைகள் என்று சொல்லி இரண்டையும் பற்றி விசாரியுங்கள். இன்னொன்று: "குறை மாதம்தானே, ஊசியைத் தள்ளிப்போடலாம்" என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துப் பார்க்கும் வயது வளர்ச்சிக்கு மட்டும்தான்.

அக்காவை நர்சரியிலிருந்து நிறுத்த வேண்டாம். அவள் இப்போதே தன் இடம் பறிபோன வருத்தத்தில் இருப்பாள். அவள் பள்ளியையும் இவர்களுக்காகப் பறித்தால் தாங்க மாட்டாள். வீட்டுக்குள் வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவது முதல் வேலை. முத்தம் கொடுப்பதென்றால் பாதத்தில். நான்கு வயதுக்காரிக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும், பெரியவர்களையும் மிரட்டித் தானே அமல்படுத்துவாள். அவளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஃப்ளூ ஊசி, கக்குவான் இருமல் ஊசி நாள் கடந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு வந்தால் மற்றவரைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். மூக்கு ஒழுகத் தொடங்குவதற்கு முன்பே வைரஸ் பரவ ஆரம்பித்துவிடும். தங்கைக்குத் தும்மல் வந்த அன்று அண்ணனுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது அக்காவிடமிருந்து நேரடியாகவே வந்திருக்கும். பிரித்து வைப்பதால் உங்களுக்கு இரண்டு அறைக்கும் ஓடும் வேலைதான் மிச்சம். ஸ்பூன், பால் புட்டி, முகம் துடைக்கும் துணி இவற்றைத் தனித்தனியாக வையுங்கள். ஒருவர் மூக்கைத் துடைத்த கையோடு அடுத்தவரைத் தூக்க வேண்டாம். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

முதல் இரண்டு வருடங்களில் ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். நர்சரிக்குப் போகும் அக்கா இருந்தால் இன்னும் கூடும். ஒவ்வொன்றும் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் இழுக்கும். இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டால், குளிர்காலம் முழுக்க வீட்டில் யாருக்காவது மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லையோ என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். எடை ஏறுகிறது, சளிக்கும் சளிக்கும் நடுவே நன்றாக விளையாடுகிறார்கள் என்றால் அந்தப் பயம் வேண்டாம். சளி பச்சையாக மாறினால் ஆன்டிபயாடிக் தேவை என்பதும் தவறு. வைரஸ் சளியில் நிறம் மாறுவது இயல்பு, ஆன்டிபயாடிக் அதற்கு ஒன்றும் செய்யாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு மூக்கிலும் உப்புநீர்ச் சொட்டு விட்டு, சளியை மெதுவாக உறிஞ்சி எடுங்கள். மூக்கடைத்த குழந்தையால் குடித்துக்கொண்டே மூச்சு விட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குள் தேய்க்கக் கூடாது, பாதத்திலும் கூடாது. சளியைக் குறைப்பதற்குப் பதில் அது மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தலாம். கற்பூரம் வாய்க்குள் போனால் விஷம், இரட்டையர் ஒருவர் உடம்பை ஒருவர் வாயில் வைத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கடையில் விற்கும் இருமல் மருந்து இந்த வயதுக்குக் கிடையவே கிடையாது. தேனும் ஒரு வயது முடியும்வரை கூடாது, பாட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். கொதிநீர் ஆவி பிடிப்பதில் வெந்துபோகும் ஆபத்துதான் பெரிது.

காய்ச்சலால் சிணுங்கினால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவு எடைக்குத்தான்: பொதுவாக ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பாட்டிலுக்குப் பாட்டில் மருந்தின் அடர்த்தி மாறும், அதனால் எத்தனை மில்லி என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு இருவருக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இரட்டையர் வீட்டில் மருந்து தவறுவது ஒரே மாதிரிதான் நடக்கும். ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் பெண்ணுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கண்ணசருகிறீர்கள். நான்கு மணிக்கு மாமியார் எழுந்து, அழுகிற பெண்ணுக்குத் தானும் ஒரு தடவை கொடுக்கிறார். காலையில் பார்த்தால் பெண்ணுக்கு இரண்டு தடவை, பையனுக்கு ஒன்றுமில்லை. மருந்து பாட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டு வையுங்கள். நடுவே கோடு, இடப்பக்கம் பெண், வலப்பக்கம் பையன். மணி, மருந்து, அளவு, கொடுத்தவர் பெயர். எழுதிய பிறகுதான் மருந்தை வாயில் விட வேண்டும். மருந்து ஊற்றும் சிரிஞ்சில் ஆளுக்கு ஒரு நிற டேப் சுற்றிவிடுங்கள். டாக்டரிடம் போகும்போதும் அந்த நோட்டுதான் உதவும். "ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை" என்பதைவிட அது எங்களுக்கு நூறு மடங்கு பயன்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சில சமயம் சளி இறங்கி நுரையீரலின் சின்னக் குழாய்களை அடைக்கும். பிராங்கியோலைட்டிஸ் என்பார்கள், இந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் ஆர்.எஸ்.வி.தான் காரணம். இது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ஆகவே முதல் நாளைவிட மூன்றாம் நாளில் கவனம் அதிகம் வேண்டும். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். கடைசி இரண்டு மூன்று தடவையாக வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, 12 மணி நேரமாக டயபர் நனையவில்லை, காய்ச்சல் ஒரு நாளைக்கு மேல் தொடர்கிறது என்றாலும் அன்றே.

விலா எலும்புக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு குழி விழுவது, முனகல், மூச்சு நடுவே நின்று நின்று வருவது, உதடோ நாக்கோ நீலம் பாய்வது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸ்தான். கறுத்த தோலில் நீலம் சட்டென்று தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். இருவரில் எடை குறைந்தவனுக்கு இந்த விஷயத்தில் ஒரு படி முன்னதாகவே முடிவெடுங்கள். அனாவசியமாகத் தூக்கி வந்துவிட்டோமோ என்று வெட்கப்பட வேண்டாம். எங்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

பையன் இன்னும் உட்காராததைப் பற்றி: ஐந்து வாரம் முன்னால் பிறந்தவர்கள் என்பதால் வளர்ச்சியைப் பார்க்க ஏழு மாதத்திலிருந்து அதைக் கழித்துவிடுங்கள், ஏறக்குறைய ஆறு மாதம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிடிமானமில்லாமல் உட்காருவது நான்காவது மாதத்தை ஒட்டித் தொடங்கி ஒன்பது மாதம் வரை நடக்கலாம். அவன் அந்த எல்லைக்குள் வசதியாகவே இருக்கிறான். அவன் தாமதமாகத் தெரிவதற்கு ஒரே காரணம், பக்கத்தில் ஒருத்தி முன்னால் ஓடுவதுதான். ஒற்றைப் பிள்ளையாக இருந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. கழித்த கணக்கில் ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறான், உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது என்றால் காட்டுங்கள்.

நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தப் பருவத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்களானால், ஆறு மணிக்கு எழுந்தவர்கள் ஐந்துக்கு எழுந்து உட்காருவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாவற்றையும் நாளுக்குப் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே வாருங்கள். செய்ய முடியாமல் போனாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

இனி உங்களைப் பற்றி

எல்லா அம்மாக்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். களைப்பு எல்லோருக்கும் உண்டு. தினமும் இருட்டினால் அழுகை வருவது அப்படி அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் சில வாரங்களில் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். இரட்டையரைப் பெற்றவர்களுக்கு வாய்ப்பு அதிகம், குறை மாதப் பிரசவம் அதை இன்னும் கூட்டும். பகல் வெளிச்சம் குறையும்போது சிலருக்கு மனம் தனியாகவும் சோர்ந்துபோகும். இதில் எது உங்களுக்கு என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எடின்பரோ அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987-ல் வெளியானது, பத்தே கேள்விகள், பல மொழிகளில் கிடைக்கிறது. உங்கள் டாக்டரோ செவிலியரோ ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பேச்சு வழிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் நல்ல பலன் உண்டு. பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளத் தக்க மருந்துகளும் இருக்கின்றன, அதை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். உங்களையோ குழந்தைகளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கணவர் தனி அறையில் தூங்குவதை மாற்ற வேண்டும். அவர் வேலைக்குப் போவது உண்மைதான், உங்களுக்கும் மறுநாள் காலையில் இரண்டு ஆளுக்கான வேலை இருக்கிறதே. இரவைப் பாதியாகப் பிரியுங்கள். ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை அவர் பொறுப்பு, அந்த நேரத்துக்கான பாலைப் புட்டியில் எடுத்து வையுங்கள். இரண்டுக்குப் பிறகு நீங்கள். ஒருவர் பசியில் எழுந்தால் மற்றவரையும் அப்போதே எழுப்பிப் பால் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் முதல் ஆள் தூங்கும் நேரம் பார்த்து அடுத்த ஆள் எழுவார். ஐந்து மணி நேரம் விடாமல் தூங்குவது, துண்டு துண்டாக எட்டு மணி நேரம் தூங்குவதைவிட மேல். அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வருவதுண்டு. அவர் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டுப் பாருங்கள்.

மாமியாரோடு போர்வைச் சண்டை போட வேண்டாம். அறையில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு, கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். அவர் குளிருக்குப் பயப்படுவது பேரப்பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையால்தான். அந்த அக்கறையை மூச்சு எண்ணுவதிலும் மருந்து நோட்டு எழுதுவதிலும் திருப்பிவிட்டால் இந்தக் குளிர்காலத்தில் உங்களுக்குப் பெரிய துணை அவர்தான். கூடவே, மாலை இருட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் இருவரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கேளுங்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள், குழந்தைகளுக்காக அல்ல, உங்களுக்காக. போகும்போது தனியாகப் போங்கள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் உட்பட எல்லோரும் அவர்களைப் பற்றியே பேசிவிட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், பேச வராவிட்டால் அதை அப்படியே நீட்டிவிடுங்கள்.